சாமிப் படத்துக்குத் தடை இல்லை

அத்தான் இறந்து ஒரு வருடத்துக்கு வீட்டில் சினிமா கூடாது என்று சொன்னவர் அவருடைய தமக்கை. நாங்கள் எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுவோம். என் அக்காவின் கணவர்தான் அத்தான். கல்யாண வீடு, பிறந்தநாள் விருந்து, சினிமாப் பாட்டு, பளிச்சென்ற சேலை, வருட முடிவில் ஆட்டைத் திவசம் கொடுக்கும் வரை எதுவும் இல்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம்கூடப் போகவில்லை. எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்தை விட்டுப் பினாங்குக்கு வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. எங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத்தான் வரும். ஆனால் துக்கம் காக்கும் விதிகள் மட்டும் ஒருவருக்கும் மறக்கவில்லை.

அக்கா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பாசாரில் மீன்காரனோடு சண்டை போட்டு, ஜெயித்து, அவனையே சிரிக்க வைத்துவிட்டு வருகிறவள் அவள். இப்போது ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில், அணைத்து வைத்த டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். படு என்றால் படுத்தாள். அத்தானை அனுப்பிய நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவள் மகள் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியர். அவள்தான் எனக்குப் போன் செய்தாள்.

“சின்னம்மா, அம்மா இன்னைக்கும் பேசலே. நான் வேலைக்குப் போயிட்டா நாள் முழுக்க அப்படியே உக்காந்திருக்காங்க. இப்படியே போனா அம்மாவும் போயிருவாங்களோன்னு பயமா இருக்கு லா.”

நான் கிளினிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். புருஷன், பிள்ளை என்று எந்தத் தொந்தரவும் இல்லை. ஆகவே அக்காவை மீட்கும் வேலை என் தலையில் விழுந்தது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே படம் என்றால் உயிர். அந்த ஒன்றைத்தான் பெரியக்கா தடுத்து வைத்திருந்தார். ஆனால் பக்திப் பாட்டுக்குத் தடை இல்லை. அந்த ஓட்டையை நான் பிடித்துக்கொண்டேன்.

“பெரியக்கா, சாமிப் படம் பாக்கலாமா?” என்று போனில் கேட்டேன்.

“சாமிப் படம்னா பரவால்லே. ஆனா ரொம்பப் பழசா இருக்கணும். புதுசுலல்லாம் சாமியே டான்ஸ் ஆடுது.”

பழசில் சாமி இன்னும் அதிகமாக ஆடும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

அப்படித்தான் சனிக்கிழமை மத்தியானங்களில், படங்கள் பேசத் தொடங்கிய காலத்துத் தமிழ்ப் படங்களை இணையத்தில் தேடிப் பிடித்து டிவியில் போடத் தொடங்கினேன். பேசத் தொடங்கிய என்றா சொன்னேன்? பாடத் தொடங்கிய என்று சொல்ல வேண்டும். அந்தப் படங்களில் யாரும் லேசில் பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமா, பாட்டு. எதிரிப் படை வாசலுக்கு வந்துவிட்டதா, ஒற்றன் ஓடி வந்து மூச்சு வாங்காமல் ஒரு பாட்டு. ராஜாவும் அதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் வாளை எடுப்பார்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் இரண்டு படங்களும் எனக்குத் தண்டனையாக இருந்தன. ஒலி முழுக்கத் தகரக் கூரையில் மழை பெய்கிற இரைச்சல். மைக்கை எங்கேயோ ஒளித்து வைத்திருப்பார்கள் போல. காதல், சண்டை, சாபம் எல்லாம் ஒரே பூஞ்சாடிக்குப் பக்கத்தில்தான் நடக்கும். பதினாறு வயது இளவரசனுக்குத் தொப்பை இருக்கும். இடையில் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு கோமாளியும் அவன் மனைவியும் வருவார்கள். அவன் அவளை அடிப்பான், அது நகைச்சுவை. அக்காவின் மகள் ஒருநாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் போனது சரிதான். அந்தக் காட்சிகளுக்கு “அந்தக் காலம் அப்படி” என்று சாக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண் என்றால் புருஷன் காலடியில்தான் சொர்க்கம் என்று அரை மணிக்கு ஒரு தரம் யாராவது பாடும்போது எனக்கும் பற்றிக்கொண்டு வரும்.

மகள் ஒரு வழி கண்டுபிடித்தாள். படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விட்டாள். ராஜா அணில் மாதிரிக் கீச்சிட்டார். வசனம் பரவாயில்லை, பாட்டுதான் தாங்கவில்லை. சரி, பாட்டைத் தள்ளிவிட்டுப் பார்க்கலாம் என்று அடுத்த வாரம் அதையும் செய்தோம். எங்கள் வீடுகளில் வீடியோ கேசட் காலத்திலிருந்தே அதுதான் பழக்கம், பாட்டு வந்தால் ஓட்டிவிடுவது. ஓட்டி முடித்துப் பார்த்தால் படம் அரை மணியில் முடிந்துவிட்டது. ஒரு பெண் அறிமுகமானாள், அடுத்த காட்சியில் அவளுக்கு வளர்ந்த மகன் இருந்தான். கல்யாணம், காடு, சாபம், பிள்ளைப்பேறு எல்லாமே பாட்டுக்குள் நடந்திருக்கின்றன.

அதற்குப் பிறகு தள்ளுவதை விட்டுவிட்டேன். பாட்டுகளைப் பொறுமையாகப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. அவர்கள் வேறு யாரோ பாடியதற்கு வாயசைக்கவில்லை. நின்ற இடத்தில் நிஜமாகவே பாடுகிறார்கள். தொண்டை ஏறி இறங்குவது தெரியும். நீண்ட அடிக்கு முன்னால் மூச்சை இழுப்பது கேட்கும். ஒரு நடிகை பாட்டின் நடுவில் எச்சில் விழுங்கியதைக்கூடப் பார்த்தேன். இப்போதைய படங்களில் இதெல்லாம் துடைத்து எடுக்கப்பட்டிருக்கும். எனக்கு அந்தப் படங்கள் பிடிக்க ஆரம்பித்தது அந்த மூச்சுச் சத்தத்தால்தான்.

அக்கா மட்டும் மாறவில்லை. படம் ஓடும், அவள் கண் திறந்திருக்கும், அவ்வளவுதான். நான் ஒவ்வொரு பாட்டுக்கும் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பாலிக் புலாவிலிருந்து பெரியக்காவே வந்துவிட்டார். கையில் ஜாதிக்காய் ஊறுகாய். சாமிப் படம்தானா என்று சோதிக்க வந்தார் என்றே நினைத்தேன். அன்று நான் தேர்ந்தெடுத்திருந்த படத்தின் தொடக்கத்தில் சூலமும் விபூதியும் இருந்தன. அவருக்குத் திருப்தி. பால் விடாத கோப்பி ஓவை வாங்கிக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்தார்.

நான் செய்த தவறு, கதை என்ன என்று முன்னால் பார்க்காததுதான். சூலம் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். பாதிப் படத்தில் ராஜா வேட்டைக்குப் போனார். அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ராணி ஓடி வந்தாள்.

புருஷனை இழந்து ஆறு மாதம்கூட ஆகாதவள் முன்னால் இதைப் போட்டு வைத்திருக்கிறேன். பெரியக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. நான் ரிமோட்டைத் தேடுவதற்குள் ராணி பாட ஆரம்பித்துவிட்டாள்.

பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. தலையில் வைத்த பூ நலுங்கவில்லை. கண் மை கலையவில்லை. ஒரு கையை நெஞ்சில் வைத்து, நேராக நிமிர்ந்து, கச்சேரி செய்வதுபோல் பாடினாள். பாடை தூக்க வந்தவர்கள் பின்னால் வரிசையாக, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள்போல் நின்றார்கள். மகள் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நிப்பாட்டு அதை” என்றார் பெரியக்கா.

“விடுங்க” என்றாள் அக்கா. அன்று அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. “அவ பாடி முடிக்கட்டும்.”

ராணி பாடிக்கொண்டே போனாள். ஒரே அடியை எடுத்து, திருப்பி, மேலே கொண்டுபோய், மறுபடி கீழே இறக்கி, திரும்பவும் அதே அடி. கேமரா நகரவே இல்லை. கல்யாணத்து நாளிலிருந்து ஆரம்பித்தாள். அவர் நடை, அவர் கோபம், அவர் சாப்பிட்ட விதம், ஒன்றையும் விடவில்லை. இதையே இன்று எடுத்தால் கொஞ்சம் மழை, பின்னணியில் வேறு யாரோ பாடும் இரண்டு வரி, அடுத்த காட்சியில் வெள்ளைச் சேலை, முடிந்தது கதை. இந்த இழுவையைத்தான் இத்தனை வாரமாக இந்தப் படங்களின் பெரிய குறை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அந்த ஆளுங்களைப் பாரு” என்றாள் அக்கா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “ஒருத்தனாவது அவள சீக்கிரம் முடின்னு சொல்றானா?”

அத்தானைத் தகனத்துக்குக் கொண்டுபோன அன்று எங்களுக்கென்று ஒதுக்கிய நேரம் முடியும் தறுவாயில் இருந்தது. அடுத்த குடும்பம் வெளியே நின்றது. ஐயர் மந்திரத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தார். அக்கா பெட்டியின் மேல் குனிந்து, அத்தானின் காதருகே ஏதோ சொல்லத் தொடங்கினாள். “நேரம் ஆச்சு, வா” என்று அவள் தோளைப் பிடித்து இழுத்து வந்தவர் பெரியக்காதான். அன்றைக்கு எல்லா ஏற்பாட்டையும் தனி ஆளாகச் செய்தவரும் அவரே. செத்தவர் தன் தம்பி என்பதை நினைத்துப் பார்க்க அவருக்கும் அன்று நேரம் இருந்திருக்காது. இது எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

பாட்டு முடிந்தது. அக்காவின் தோள் குலுங்கியது. முதலில் இருமுகிறாள் என்று நினைத்தேன்.

அழாதே என்று சொல்லப் போகிறார் என்று பெரியக்காவைப் பார்த்தேன். அவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், அக்காவை ஒட்டி உட்கார்ந்தார்.

“அந்தப் பாட்டத் திரும்பப் போடு, பிள்ளை” என்றார் மகளிடம். “அன்னைக்கு நான்தான் அவள விடலே.”

மகள் பாட்டை முதலிலிருந்து போட்டாள். அக்கா வாய்விட்டு அழுதாள். நாங்கள் யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.