பத்தொன்பதாவது வியாழன்

எங்கள் குடாவுக்குள் ஒரு கப்பல் வந்து நான் பார்த்ததில்லை. கல்முனை பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கும் தெற்கே, மணல், தாழை, காற்று, மறுபடியும் மணல். அதில் பாதி புதைந்து ஒரு கொங்கிறீட் கூடு. சுவரில் சுண்ணாம்பு, மேலே பச்சைக் கொடி. உள்ளே கபுறுக் குழியில் ஓர் அவுலியா, பெரிய மகான், அடங்கியிருக்கிறார் என்றார்கள். பெயர் என்ன, எங்கிருந்து வந்தவர், யாரும் கேட்டதில்லை. வாசலை மணல் மூடிவிட்டது. கடலைப் பார்த்த பக்கத்தில் மட்டும் நீளமாக ஓர் ஓட்டை.

சூறாவளிக்கு முதல் நாள் கடலுக்குப் போன சாச்சாவின் தோணி பலகை பலகையாகக் கரைக்கு வந்தது. சாச்சா வரவில்லை. சில மாதம் பொறுத்துவிட்டு, அவர் மனைவி, என் சாச்சி, புருசன் இறந்த பெண்கள் இருக்கிற இத்தா இருக்க வேண்டும் என்று வீட்டில் பேசத் தொடங்கினார்கள். வெள்ளை உடுத்து, நாலு மாதம் பத்து நாள் அறைக்குள். இருந்துவிட்டால், சாச்சா மௌத்தானதை அவளே ஒப்புக்கொண்டதாகும். சாச்சி அழவில்லை.

"அவுலியாவுக்கு நாப்பது வியாழன் விளக்கு வைக்கிறதா நேந்திட்டன். அது முடியட்டும்" என்றாள்.

நேர்ச்சையை முறி என்று சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை, வீட்டுக்கு மூத்தவரான பெரிய மாமாவுக்குக்கூட.

துணைக்கு நான். ஒன்பது வயது. விளக்கை வைத்ததும் சாச்சி சுவரில் சாய்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெயில் தாழும், அலை வரும், போகும். அவளுக்குப் பக்கத்தில் இருந்தும் நான் தனியாகத்தான் இருந்தேன். பத்தொன்பதாவது வியாழன், அலுப்புத் தாங்காமல் ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தேன். ஈர மணல். நண்டுகள். தரையில் பதித்த பெரிய இரும்பு வளையம், சுற்றிலும் துருவேறிய ஆணிகள். சுவரில் இங்கிலீசு எழுத்துகள்.

"சாச்சி! இஞ்ச கபுறு ஒண்டும் இல்ல!"

ஓட்டையில் அவள் முகம் வந்தது. "கத்தாத புள்ள. எனக்குத் தெரியும். வீட்ட போய் கதைக்கப்படாது, சரியா?"

"ஓம்."

அந்த ஓம் அன்று மாலை மஃரிப் தொழுகை வரைக்கும் நிற்கவில்லை. முற்றத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பெரிய மாமா, "என்ன, அவுலியா இண்டைக்கு உனக்குச் சலாம் சொன்னாரா?" என்று சீண்டினார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. எல்லாம் சொன்னேன், எத்தனை ஆணி என்பதுவரை.

மாமாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. "ஜப்பான்காரன் வருவான் எண்டு வெள்ளக்காரன் பீரங்கி வச்ச கூடெல்லா அது! எங்கட வாப்பாவும் கூலிக்குச் சீமெந்து சுமந்தவராம். மறந்தே போச்சி."

அந்த ஜப்பான்காரனும் வரவில்லை.

பிறகு மாமா சிரிப்பை நிறுத்தினார். சாச்சியைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "அப்ப நேர்ச்சை ஆருக்கு?"

அடுத்த வியாழன் சாச்சி வெள்ளைச் சேலையில் இருந்தாள். ஜன்னலுக்குப் பாய் கட்டியிருந்தார்கள். சோறு கொண்டுபோன நான், ஏச்சு விழும் என்று வாசலிலேயே நின்றேன். அவள் ஏசவில்லை. பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அந்த ஓட்டையால பாத்தா கடல் நல்லாத் தெரியுமா புள்ள?"

"ஓம் சாச்சி. கண்ணும் கூசாது. கனதூரம் தெரியும்."

"என்ன தெரிஞ்சது?"

உண்மை சொன்னால் பெரியவர்கள் கவனித்துக் கேட்பார்கள் என்று அந்தக் கிழமைதான் கண்டுபிடித்திருந்தேன்.

"ஒண்டுமில்ல சாச்சி. ஒரு தோணிகூட இல்ல."

சாச்சி சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள். பசிக்கவில்லையாக்கும் என்று நினைத்து, அதை நானே சாப்பிட்டேன்.