மரக்காணத்தில் வாங்கிய பழைய ஃபோர்க்

1974, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால். திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் ஏறினேன். டிக்கெட் ஒன்றே கால் ரூபாய். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு சோடா கம்பெனியில் ஆர்டர் பிடிக்கும் வேலையில் நான் சேர வேண்டும். "சொந்த சைக்கிளோட வா. இல்லேன்னா வேற ஆளு ரெடியா இருக்கான்" என்று முதலாளி சொல்லியிருந்தார். சைக்கிள் இருந்தது. முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்தான் சனிக்கிழமை ஒரு பள்ளத்தில் விழுந்து முறிந்துவிட்டது. புதுசு முப்பது ரூபாய். என்னிடம் பஸ் செலவு உட்படப் பதினேழரை.

மரக்காணத்தில் பழைய சாமான் மலிவு என்றவர் பக்கத்து வீட்டு டெய்லர். உப்புக் காற்றில் சைக்கிள்கள் சீக்கிரம் செத்துப்போகுமாம், பிரித்து விற்றுவிடுவார்களாம். "குழாய்க்குள்ள விரல விட்டு நாக்குல வெச்சுப் பாரு. கரிச்சா வாங்காத" என்று யோசனையும் சொன்னார்.

எட்டேகாலுக்கு இறங்கினேன். உப்புக் குவியல்களின் வெள்ளையில் கண் கூசியது. சாலையோரக் கொட்டகையில், பக்கத்து ஊரான கூனிமேட்டு பாய் ஒருவர் பழைய சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தார். பெஞ்சில் ஒருவர், மாதா கோயில் பூசை முடிந்து வந்த வெள்ளைச் சட்டையோடு, டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பாய் இரண்டு ஃபோர்க்குகளை எடுத்துப் போட்டார். பளபளவென்று இருந்ததைக் காட்டி, "வானூர் கிளார்க்கு ஒருத்தர் ஓட்டினது. பன்னெண்டு" என்றார். பெயின்ட் உரிந்ததைக் காட்டி, "உப்பளத்து ஆளு வண்டி. பதினெட்டு" என்றார்.

"தலைகீழா சொல்றீங்களே பாய்?"

"சரியாத்தான் சொல்றேன் தம்பி."

விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கிளார்க் ஃபோர்க் கரித்தது. உப்பளத்து ஃபோர்க்கில் உப்பே இல்லை. இதுதான் வேண்டும் என்று முடிவு செய்தேன். எங்கள் ஊர் வழக்கப்படி, வேண்டிய பொருளைத்தான் முதலில் திட்ட வேண்டும். திட்டினேன்.

"உப்புல ஊறின இரும்பு பாய் இது. ஓட்டினவன் ஒரு நாளாவது தொடச்சிருப்பானா? ஒம்பது ரூபா."

பாய் இருமினார். விலை இறங்கப் போகிறது என்று நினைத்தேன்.

"சரியான சோம்பேறி வெச்சிருந்த வண்டின்னு பாத்தாலே தெரியுது."

பாய் பலமாக இருமினார். பெஞ்சில் டீ கிளாஸை வைக்கும் சத்தம் கேட்டது.

"அந்தச் சோம்பேறி நான்தான்" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர். அவர் பெயர் அற்புதம். ஃபிரேம் ஒடிந்துபோனதால் சைக்கிளைப் பிரித்து, விற்றுத் தரச் சொல்லி பாயிடம் கொடுத்திருக்கிறார்.

"சாயங்காலம் அளத்துலேருந்து வந்ததும் நல்ல தண்ணி மொதல்ல வண்டிக்கு. அப்புறம்தான் என் காலுக்கு. பதினோரு வருசமா இப்படித்தான். இங்க அளத்து ஆளுங்க எல்லாரும் அப்படித்தான். கிளார்க்குங்க வண்டிக்குத் தண்ணியே காட்ட மாட்டாங்க. பாய், இந்த ஆளுக்குக் குடுக்காதீங்க."

பன்னிரண்டு என்றேன். பதினான்கு என்றேன். பதினைந்துக்கும் அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. "முப்பது குடுத்தாலும் இல்ல" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது, பயமும் வந்தது. சோடா கம்பெனி, திங்கட்கிழமை, ஏழு மணி எல்லாவற்றையும் சொன்னேன். விரல் வைத்துப் பார்த்து, நல்ல சாமான் என்று தெரிந்தேதான் திட்டினேன் என்பதையும் சொன்னேன். பையிலிருந்த பதினாறே கால் ரூபாயைப் பெஞ்சில் கொட்டினேன்.

"அப்ப கரிக்கலயா?" என்றார் அற்புதம்.

"இல்லீங்க."

"ரோட்டுக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

"கரிக்கலீங்க! சுத்தமா இருக்குது!"

பதினைந்தை எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு ஒன்றே கால் ரூபாயை என் பக்கம் தள்ளினார். ஃபோர்க்கைத் தன் துண்டால் ஒருமுறை துடைத்துக் கொடுத்தார்.

"இத மொதல்லியே சொல்லியிருந்தா, நான் இவ்ளோ இருமியிருக்க வேணாமே தம்பி" என்றார் பாய்.

ஒன்பதரை பஸ்ஸில் கண்டக்டர் ஃபோர்க்குக்கு லக்கேஜ் நாலணா கேட்டார். பை காலி என்று சொன்னேன். "ஏம்பா, அப்ப கழுத்துல மாட்டிக்கோ. உடம்புல இருந்தா லக்கேஜ் இல்ல" என்றார். திண்டிவனம் வரை மாட்டிக்கொண்டே நின்று வந்தேன்.

திங்கட்கிழமை ஏழு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே சோடா கம்பெனி வாசலில் சைக்கிளோடு நின்றேன். வேலை கிடைத்தது. அன்றிலிருந்து எங்கள் ஊர்க் கடைகளிலும் பொருளைத் திட்டுவதில்லை. "நல்லா இருக்குதுங்க, என்கிட்ட இவ்வளவுதான் இருக்குது" என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்க்கிறார், பொருளை ஒரு பார்வை பார்க்கிறார், விலையில் இரண்டு ரூபாய் ஏற்றிவிடுகிறார்.