வேண்டாம் என்று சொன்ன மயக்க மருந்து

ஆப்பரேஷன் முடிந்ததும் பழத்தட்டு வாங்குவது அறுவை செய்தவர். மயக்கம் கொடுத்தவள் யார் என்று கேட்கிற ஆள் விருத்தாசலத்தில் கிடையாது. பதினெட்டு வருஷமாக ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டு நர்சிங் ஹோம் நர்சிங் ஹோமாக அலைகிறேன்.

அன்று கூப்பிட்ட இடத்தில் பித்தப்பைக் கல்லுக்காக ஒருவர் படுத்திருந்தார். செராமிக் கம்பெனியில் சூளை பார்க்கிறவர். போன வருஷம் மாரடைப்பு வந்து, இதயம் பாதி பலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இதயத்தை ஸ்கேன் செய்த எக்கோ ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு தியேட்டருக்குள் போனேன். மயக்கம் கொடுக்கிற மெஷினில் ஹாலோத்தேன் என்ற பழைய மருந்துதான் இருந்தது. நல்ல இதயம் அதைத் தாங்கிக்கொள்ளும். பலவீனமான இதயத்தை அது இன்னும் அமுக்கும், துடிப்பைத் தாறுமாறாக்கும். இவரைப் போன்றவர்களுக்கு ஐசோஃப்ளூரேனோ செவோஃப்ளூரேனோ மாதிரி புது மருந்து வேண்டும், அதையும் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

சர்ஜனிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியும் அவருடையதுதான்.

"ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க சார். வேற மருந்து வரவழைங்க, நானே செய்றேன். இல்லன்னா பாண்டிச்சேரிக்கு அனுப்பிடலாம்."

"இத்தன வருஷமா இதுலதாம்மா ஓடுது. யாரு செத்துட்டாங்க?"

வெளியே வந்து நோயாளியின் மனைவியிடமும் சொன்னேன். "மயக்க மருந்துல பல வகை இருக்குதும்மா. இங்க இருக்கிறது உங்க வூட்டுக்காரரு இதயத்துக்கு ஆவாது."

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காலையிலேர்ந்து பட்டினி போட்டு வெச்சிருக்கோம், இப்ப வந்து சொல்றீங்க. உங்களுக்கு பயமா இருந்தா வுட்டுடுங்க. வேற டாக்டரு வருவாரு."

பயமாகத்தான் இருந்தது. பயப்படவே தெரியாத ஒருவர் கையில் அந்த மனிதரை விட்டுவிட்டு வருகிறோமே என்று ஆத்திரமாகவும் இருந்தது. கிளம்பிவிட்டேன். மத்தியானம் வெளியூரிலிருந்து வேறொரு மயக்க டாக்டர் வந்து, அதே ஹாலோத்தேனில் முடித்துவிட்டுப் போனாராம். நோயாளி கண் விழித்து காப்பி கேட்டாராம். நர்ஸ் போனில் சொன்னதும் "சரி" என்று வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் அங்கிருந்து அழைப்பு இல்லை. மயக்கம் கொடுக்கிற டாக்டரம்மாவுக்குக் கைராசி இல்லை என்று என்னைப் பற்றிய பேச்சு கம்மாபுரம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்பதுதான் என் தொழிலின் சாபக்கேடு. பிழைத்தவர்கள் எல்லாரும் அந்த மருந்துக் குப்பிக்குச் சாட்சி. பிழைக்காதவரின் குடும்பம் தலைவிதி என்று அழுதுவிட்டுப் போய்விடும்.

இரண்டு மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பைக் என்னருகே வந்து நின்றது. அந்தச் சூளைக்காரரேதான். பின்னால் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, தெரியுதுங்களா? நல்லா இருக்கேன் பாருங்க."

அவர் குத்திக்காட்டவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னார். "மாத்திரைய விடாம சாப்பிடுங்க" என்று நானும் சிரித்து வைத்தேன்.

வண்டி போன பிறகு வெயிலில் அப்படியே நின்றேன். இந்த மனிதர் அன்றைக்கு மேஜையிலேயே போயிருந்தால் நான் சொன்னது சரியென்று ஊருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவர் சாகக் கூடாது என்று அந்த மருந்தைக் கொடுக்க மறுத்துவிட்டு வந்தவளும் நான்தான்.