சொல்லாமல் அழைத்துச் சென்ற நாள்

மகளுக்கு இருக்கும் ஆஸ்பெர்ஜர் என்ற ஆட்டிச நிலை பற்றி நான் வாசித்த முதல் புத்தகம் திருப்பதிப் பேருந்து நிலையத்தருகே வாங்கியது. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இத்தகைய பிள்ளைகளிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது, சொன்னால் அடம்பிடிப்பார்கள், செய்து முடித்துவிட்டால் அடங்கிவிடுவார்கள் என்றது அது. மாட்டுக்கு லாடம் அடிக்கிறவர்கூட இப்படிக் கூச்சமின்றி எழுதமாட்டார். அந்த வரிகளைத்தான் நான் நம்பி, சிவப்பு மையால் அடிக்கோடும் போட்டேன்.

நகரியில் இருக்கும் என் நாத்தனார், மகள் 'சரியாக' வேண்டுமென்று அவளுக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டிருந்தார். தலையில் பிறர் கை படுவதை மகள் தாங்கமாட்டாள். எனவே சாமி பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லித் திருமலைக்கு அழைத்துப் போனோம்.

முடி இறக்கும் கூடத்தில் தண்ணீர் தெளித்ததுமே அலறினாள். நாத்தனார் தோளை அழுத்தினார்.

"அடங்குடி! சாமி முடியத்தான கேக்குது, கழுத்தயா கேக்குது?"

வரிசையில் சிலர் சிரித்தார்கள். புத்தகத்தை நம்பி அவள் கைகளை இறுக்கிப் பிடித்திருந்தவள் நான். உச்சிவரை மழித்த நாவிதர் கத்தியை அவள் தலையிலிருந்து எடுத்துவிட்டார்.

"நா வல்ல காதம்மா, என்னால ஆகாது. பாப்பா நடுங்கிக்கினு இருக்குது. மொதல்ல கைய உடுங்க."

"பாதில உட்டா தெய்வக் குத்தமாயிடும்பா," என்றார் நாத்தனார்.

நான் கையை விட்டேன். மகள் சுவரோரம் போய் நின்றாள். அழுகை ஓய்ந்ததும் என்னிடம் சொன்னாள்: "எத்தன நிமிஷம் ஆகும், கத்தி எங்க படும்னு சொல்லியிருந்தா நானே ஒக்காந்திருப்பேம்மா. நீ பொய் சொன்ன."

பிறகு அவளே நாவிதரிடம் அவற்றைக் கேட்டறிந்து, அசையாமல் அமர்ந்து மிச்ச முடியையும் இறக்கிக்கொண்டாள்.

"பாத்தியா, சாமி அதுக்குள்ள சரி பண்ணிடுச்சு!" என்றார் நாத்தனார். அந்தப் பூரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அதே நிலையோடு வாழும் ஒரு பெண் எழுதிய புத்தகம் பின்னால் கிடைத்தது. சொல்லாமல் நேர்வதெல்லாம் தனக்கு அடி என்று அவர் விளக்கியிருந்தார். மகள் இரண்டு நாளில் படித்துவிட்டு, "இத மொதல்ல வாங்கியிருக்கலாம்," என்றாள். குத்தலாகச் சொல்ல அவளுக்குத் தெரியாது. முதல் புத்தகம் இன்னும் அதே கடையில், புது அட்டையோடு விற்கிறது.

இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. ரேணிகுண்டாவரைதான் என்று நான் சொன்னாலும் அவள் நைனா என்றழைக்கும் அப்பாவுக்குப் போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே செருப்பை மாட்டுகிறாள். அதுவரை நான் வாசலில் நிற்கிறேன்.