அட்ஜஸ்டுக்கு ஒருத்தி போதும்

மதுரைக்காரர்களுக்கு இங்கிலீஷ் வராது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ஒரு வினைச்சொல்லையாவது இந்த ஊர் கரைத்துக் குடித்திருக்கிறது. அட்ஜஸ்ட். திருமங்கலத்திலிருந்து பெரியார் நிலையம் போகிற பஸ்ஸில், மூன்று பேர் உட்காரும் சீட்டுக்குப் பக்கத்தில் நாலாவது ஆள் வந்து நின்று அதைச் சொல்வார். ஓட்டலில் சட்னி தீர்ந்துவிட்டால் சாம்பாரை ஊற்றிக்கொண்டே அதைச் சொல்வார்கள். தண்ணீர் ஏறாத மாடி வீட்டை வாடகைக்கு விடும்போது வீட்டுக்காரர் சொல்வார். சொல்கிறவருக்கு ஒரு சிரமமும் கிடையாது. கேட்கிறவர்தான் ஒடுங்கிக்கொள்ள வேண்டும்.

பஸ்ஸில் அந்தச் சொல் காதில் விழுந்ததும் முதலில் நகர்வது என் அம்மாதான். பாதி உடம்பு சீட்டுக்கு வெளியே இருக்க, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திருப்பரங்குன்றம் தாண்டும்வரை அப்படியே வருவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் இப்படி என்று கேட்டால், இம்புட்டுத் தூரந்தானே என்பாள். திரும்பி வரும்போதும் அதேதான் சொல்வாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் சிம்மக்கல்லில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் பாடம் நடத்தினேன். பி.ஏ. முடித்த கையோடு கிடைத்த வேலை. சென்டர் முதலாளி அப்பாவுக்குத் தெரிந்தவர். காலை பேட்ச் என்னுடையது. இன்டர்வியூவுக்குத் தயாராகும் பையன்களும் ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்களும் வருவார்கள். நான் சேர்ந்தபோது பாதி பெஞ்சு காலியாகக் கிடந்தது. போகப்போக, பின்னால் நின்று கேட்கும் அளவுக்கு ஆள் சேர்ந்தது. அதை வளர்த்தது நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

ஒருநாள் வகுப்பில் அட்ஜஸ்ட் என்ற சொல்லையே எடுத்தேன். அகராதியில் சரிசெய், பொருத்து, மாற்றியமை என்று போட்டிருந்தது. அதற்குப் பங்காளி முறையான சொற்களையும் போர்டில் எழுதினேன். அடாப்ட் என்றால் புது இடத்துக்குத் தக்கபடி பழகிக்கொள்வது. அக்காமடேட் என்றால் இன்னொருவருக்கு இடம் கொடுப்பது. காம்ப்ரமைஸ் என்றால் இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் இறங்கி வருவது. பிறகு அட்ஜஸ்டை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். பையன்கள் வண்டிக் கண்ணாடியை அட்ஜஸ்ட் செய்தார்கள், பிரேக்கைச் செய்தார்கள், மொட்டை மாடி ஆன்டெனாவைச் செய்தார்கள். பெண்கள் மாமியாரோடு செய்தார்கள், உட்கார ஒரு ஸ்டூல் தராத முதலாளியோடு செய்தார்கள், குடிகார அண்ணனோடு செய்தார்கள். காம்ப்ரமைஸும் இதுவும் ஒன்றுதானே மிஸ் என்று ஜவுளிக்கடைப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"காம்ப்ரமைஸுக்கு ரெண்டு பேர் வேணும். அட்ஜஸ்டுக்கு ஒருத்தி போதும்" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. பெண்கள் சிரித்தார்கள். பையன்கள் அதையும் பாடம் என்று நினைத்து எழுதிக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். சென்னையிலிருந்து ஒரு சார் வருகிறாராம், மதுரை வெயிலிலும் கோட்டு போட்டுத்தான் நடத்துவாராம். காலை பேட்ச்சை அவரிடம் கொடுத்துவிட்டு நான் சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்கு ரைம்ஸ் சொல்லித்தர வேண்டும். என் பாடத்தில் என்ன குறை என்று கேட்டேன். ஒரு குறையும் இல்லை, பேட்ச் பெரிதாகிவிட்டது, பெரிய பேட்ச்சுக்கு முன்னால் ஓர் ஆம்பிளை நின்றால்தான் கெத்தாக இருக்கும் என்றார். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா என்று முடித்தார்.

"முடியாது சார்" என்றேன். எனக்குக் காலை பேட்ச்தான் வேண்டும், அது இல்லையென்றால் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் போனேன். என் நாற்காலியில் கோட்டு சார் உட்கார்ந்திருந்தார். நான் சாக்பீஸை எடுத்து, அவருக்கு முதுகைக் காட்டி நின்று, அன்றைய பாடத்தை ஒன்று விடாமல் நடத்தினேன். அவர் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டார். மணி அடித்ததும் படியிறங்கி பஸ் ஏறிவிட்டேன்.

எனக்கு முன்னால் சேதி திருமங்கலத்துக்குப் போய்விட்டது. சென்டரிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மருந்துக்கடைக்குப் போன் பண்ணி, அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா ஆரம்பித்தார். நாளைக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு ரைம்ஸ் வகுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். தெரிந்த மனுஷன் முகத்தில் எப்படி முழிப்பது என்றார். வேலை பார்க்கிற இடத்திலேயே இப்படியென்றால், வாக்கப்பட்டுப் போகிற இடத்தில் எப்படிக் குடித்தனம் பண்ணுவாள் என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். பொம்பளைப் பிள்ளை அட்ஜஸ்ட் பண்ணித்தான் போகணும் என்றார். கடைசியில் அவர் வாயிலும் அதே சொல்தான் வந்தது.

அப்பாவை எதிர்த்து அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. முதலாளியிடம் வாயாடிய எனக்கும் அது பழக்கமில்லை. அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போய்விடுவேன் என்பதும் தெரிந்தது. அவள் முகத்துக்காக, கோட்டு சாரிடம்கூடத் தலைகுனிந்து நின்றிருப்பேன். அவள் சொல்லப்போவது என்ன என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. பஸ்ஸில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

அம்மா அப்பாவின் தட்டில் ரசம் ஊற்றினாள். கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"அவ போக மாட்டா. இந்த வீட்டுல அட்ஜஸ்ட் பண்ண நான் ஒருத்தி போதும்" என்றாள்.

அப்பா மோர் கேட்காமலே எழுந்தார். நான் போகவில்லை.