எஸ்தர் அக்கா எனக்குப் படித்துக் காட்டிய காம்பியா

கள்ளிக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் போன் வந்தது. எஸ்தர் அக்காவின் மகள் நிர்மலா. "கஸ்தூரிக்கா, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள். இரண்டு மாதமாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அக்கா அலைந்த பாட்டைப் பார்த்தவள் நான். அப்பாடா என்றுதான் முதலில் வாயில் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான். கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அக்காவிடம் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். இனிமேல் அதை யாரிடம் போய்ச் சொல்லித் திருத்துவது?

அக்காவோடு பழகின உங்களுக்கெல்லாம் அவரை டெலிபோன் ஆபீஸ்காரராகத் தெரியும், சர்ச்சில் பாடுகிறவராகத் தெரியும். அவருடைய முகப்பேர் வீட்டில் ஒன்பது வருஷம் சமைத்த எனக்கு அவர் காம்பியாக்காரர்.

ஆப்பிரிக்காவில் மேற்கு ஓரத்தில் இருக்கிற குட்டி நாடு அது. "நடுவுல ஒரு ஆறு, ரெண்டு பக்கமும் கொஞ்சம் கரை, நாடே அவ்ளோதான் கஸ்தூரி. ஆனா அங்க எழுதறவங்களப் பாரு" என்பார். ரிட்டயர் ஆன பிறகு அந்த நாட்டு எழுத்தாளர்கள் நாலைந்து பேருடைய கதைகளை இங்கிலீஷிலிருந்து தமிழில் எழுத உட்கார்ந்தார். ஒருவர் படகுக்காரர்களைப் பற்றி எழுதுவார். இன்னொருவர் குளிர் நாட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு சொந்த ஊரையே எழுதுவார். அக்காவுக்கு ரொம்பப் பிடித்தது ஒரு அம்மா. வீட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாததை எல்லாம் எழுதுகிறவர்.

காலையில் நான் காய் நறுக்கும்போது, எதிரே ஸ்டூல் போட்டு, முந்தின நாள் எழுதினதைப் படிப்பார். நான் ஐந்தாவதோடு நின்றவள். எங்கிட்ட எதுக்குக்கா படிக்கிற என்று கேட்டேன். "உனக்குப் புரியலன்னா அது இன்னும் தமிழுக்கு வந்து சேரலன்னு அர்த்தம். புரியலன்னா புரியலன்னு சொல்லணும், அதான் உன் வேலை" என்றார்.

ஒரு நாள், "சோற்றின் மேல் நிலக்கடலைக் கூழை ஊற்றினாள்" என்று படித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாக்கா, சோத்து மேல எவனாவது கூழு ஊத்துவானா?"

"வேர்க்கடலைய அரைச்சு, கறி, தக்காளி போட்டுக் கொதிக்க வெக்கிறாங்கடி."

"அத்த கொழம்புன்னு சொல்லு. போனே பேசிகினு இருந்துட்ட, ஒனக்கு எங்க தெரியப்போவுது!"

கூழை அடித்துவிட்டுக் குழம்பு என்று எழுதினார். அன்றைக்கே அந்தக் குழம்பை வைத்தும் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. புத்தகத்தில் ஒரு வார்த்தை என்னுடையது என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

அப்படி வாயடித்தவள்தான் பொய் சொன்னேன். ஆறு மாசம் முன்னால் என் பையன் தோஹாவுக்கு ஏசி மெக்கானிக் வேலைக்குக் கிளம்பினான். அதற்கு முந்தின நாள் காலை, அக்கா அந்த அம்மா எழுதின கதையைப் படித்தார். மகன் வெளிநாடு போகிறான். அவன் வாசல் தாண்டினதும் பெற்றவள் ஒரு சொம்புத் தண்ணீரை அவன் பின்னால் ஊற்றுகிறாள். எனக்குக் கை ஓடவில்லை. நம் பக்கம் ஒருத்தர் பயணம் கிளம்பினால் வீட்டைப் பெருக்கக்கூட மாட்டோம். பிணம் போன பிறகுதான் தண்ணீர் ஊற்றிக் கழுவி விடுவோம். பெற்றவளே இப்படிச் செய்வாளா?

"புரிஞ்சுதா கஸ்தூரி?"

"புரிஞ்சுதுக்கா."

பிள்ளை கிளம்புகிற நேரத்தில் அந்தப் பேச்சை வாயால் எடுக்க எனக்குத் தைரியம் இல்லை. வெண்டைக்காயைப் படபடவென்று நறுக்கினேன். அக்கா அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன். அதற்குள் அக்கா படுத்துவிட்டார். புத்தகம் அச்சுக்குப் போகப்போகிறது என்றார்கள். எங்கேயோ இருக்கிற ஒரு தாயை இங்கே படிக்கிறவர்கள் எல்லாரும் பாவி என்று திட்டப்போகிறார்கள், நான் வாயைத் திறந்திருந்தால் அக்கா சரி பண்ணியிருப்பார் என்று தினமும் மனசு அடித்துக்கொண்டது.

அடக்கம் முடிந்து, வீட்டு ஜெபத்துக்குப் போன அன்றைக்கு நிர்மலாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அலமாரியிலிருந்து அக்காவின் ஃபைலை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடினாள். ஓரத்தில் பென்சிலில் அக்கா எழுதியிருந்ததைப் படித்தாள். "இந்த இடத்தில் கஸ்தூரியின் கத்தி நின்றது. புரிந்தது என்கிறாள். புரியவில்லை. மகன் நாளைக்குக் கிளம்புகிறான், அவளைத் துருவ வேண்டாம். எழுதியவரையே கேட்கிறேன்."

கேட்டிருக்கிறார். பதிலும் வந்திருக்கிறது. அந்த எழுத்தாளர் அம்மாவின் சம்மதத்தோடு கதைக்குள் அக்கா ஒரு வரி சேர்த்திருக்கிறார். "இந்தத் தண்ணீர் ஓடுகிற மாதிரி என் பிள்ளைக்கும் வழியில் ஒரு தடங்கலும் இல்லாமல் இருக்கட்டும் என்று ஊற்றினாள்." அவர்கள் ஊரில் அது ஆசீர்வாதமாம்.

"எங்கம்மா உன் மூஞ்சியயும் சேர்த்துதான் படிச்சிருக்காங்க, இதுக்கா அழுதுகினு இருந்த?" என்று நிர்மலா என்னை மாதிரியே பேசிக் காட்டினாள். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். துக்க வீட்டில் சிரிக்கிறாளே என்று ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். அந்தக் காம்பியாத் தாய் தப்பித்தாள், நானும் தப்பித்தேன்.

அம்மா ஞாபகமாக ஏதாவது எடுத்துக்கொள் என்று நிர்மலா பீரோவைத் திறந்தாள். வேண்டாம் என்றேன். அக்கா எனக்குக் கொடுத்த வேலையை வைத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் என் வீட்டுக்காரருக்கு மாத்திரைகளைக் கடகடவென்று சொல்லிவிட்டு, "புரிஞ்சுதாம்மா?" என்றார். தலை தானாக ஆடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன்.

"புரியல டாக்டர்" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதல் மாத்திரையிலிருந்து மறுபடி சொன்னார்.