மூடி வைத்த ஊற்று

1. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரப் புறம்போக்கில் அப்பா சவுக்கு போட்டிருந்த குத்தகை நிலத்தைச் சர்க்கார் திரும்ப எடுத்துக்கொண்டது. பயணியர் விடுதி கட்டப் போகிறார்களாம்.
2. மரங்களுக்கும் கிணற்றுக்கும் ஈடு தருவதாகச் சொன்னார்கள்.
3. ஐப்பசியில் அளந்தார்கள்.
4. மரங்களுக்குப் பணம் வந்தது. கிணற்றுக்கு வரவில்லை. வரைபடத்தில் கிணறே இல்லை.

கிணறு என்று நாங்கள்தான் சொல்வோம். அது மணலில் தோண்டிய ஊற்றுக்குழி, கரை கட்டியதல்ல. மழைக்காலத்தில் அலை ஏறி உப்புத்தண்ணீர் விழும் என்று, ஐப்பசி பிறந்ததும் பனையோலை பரப்பி மணலைத் தள்ளி மூடிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தையில் திறப்போம். அம்மா மூடினால் இடம் தெரியாது. அளந்தவர்கள் அதன் மேலேயே சங்கிலியை இழுத்துப் போனார்கள். ஊருக்கே தெரிந்த கிணற்றைத் தனியாகக் காட்ட வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றவில்லை.

நான் அப்போது சென்னையில் வரைபடம் போடப் படித்துக்கொண்டிருந்தேன். தை மாதம் ஊருக்கு வந்தபோது, அம்மா குடமும் மண்வெட்டியுமாகக் கிளம்பினாள். கூடவே போனேன். கம்பிவேலி போட்டிருந்தார்கள்; இடுக்கில் நுழைந்தோம். மரங்கள் இல்லாததால் காற்றுக்குச் சத்தமே இல்லை.

"இன்னாம்மா, சர்க்கார் நெலத்துல தோண்டிகினு கீற?" என்றார் காவல்காரர்.

"என் கெணத்த தொறக்கறேன் நைனா."

"கெணறா? எங்க கீது?"

அம்மா ஓலையை விலக்கிக் கையால் மணலை அள்ளினாள். தண்ணீர் ஊறித் தெளிந்ததும் அவருக்கே முதலில் மொண்டு கொடுத்தாள். குடித்தார்.

"சங்கிலி புடிச்சவன் கண்ணுக்கே ஒளிச்சு வெச்சிகிறியே, கைகாரிதாம்மா நீ."

"கெணத்துக்கு டப்பு வேணாம். தெனம் ஒரு கொடம் மொண்டுகினு போறேன், வுடு."

"படத்துல இல்லியேம்மா. நாளைக்கு ஆபீசரு வந்தா என் வேலை பூடும். மூடிட்டுப் போ."

அந்த ஒரு குடத்தை நிரப்பிக்கொண்டு, அம்மா வழக்கம்போல் இடம் தெரியாமல் மூடினாள்.

இப்போது செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் வரைபடங்களை நகலெடுக்கிறேன். அம்மாவும் அப்பாவும் என்னோடு இருக்கிறார்கள். இங்கே குழாயடித் தண்ணீரை அம்மா ஒரு வாய் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்துவிடுகிறாள். எனக்கும் அந்த ஊற்றுத் தண்ணீரின் ருசி நாக்கிலேயே நிற்கிறது.

வரைபடத்தில் கிணற்றைச் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. விடுதி இன்னும் கட்டவில்லை. ஊற்று மூடியே இருக்கிறது.